ஆரம் இருந்த இடத்தில் வேல்

அன்னக்கொடி பெட்டியைத் திறந்ததும் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மேலே மடித்து வைத்த சேலைகள் அப்படியே இருந்தன. மகள் சௌம்யா வாங்கிக் கொடுத்த தைலப் புட்டிகளும் சாக்லேட் பொட்டலங்களும் இருந்தன. சட்டம் போட்ட பேரனின் படம் ஒரு கீறல்கூட இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அடியில் பட்டுச்சேலை மடிப்புக்குள் இருக்க வேண்டிய சிவப்பு நகைப்பெட்டியை மட்டும் காணோம். அந்த இடத்தில் கையை விட்டபோது சின்னதாக ஒரு பொட்டணம் தட்டுப்பட்டது. மஞ்சள் துணியில் சுற்றி, மஞ்சள் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. பிரித்தாள். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு தங்க வேல்.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேறு யாருடைய பெட்டியையோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ஆனால் சேலைகள் அவளுடையவை. படத்தில் இருப்பது அவள் பேரன்.

கொடைக்கானல் மலையில் இருக்கும் வில்பட்டியில் புருஷன் செல்லப்பாண்டியோடு பூண்டும் கேரட்டும் போட்டுப் பிழைப்பவள் அன்னக்கொடி. சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போய், பேரனுக்குப் பேர் வைத்து, அவன் குப்புற விழுகிற வரைக்கும் இருந்துவிட்டு, முந்தின நாள் சாயங்காலம்தான் வீடு வந்து சேர்ந்திருந்தாள். காணாமல் போன ஆரம், பூண்டு நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் வாங்கியது. கல் பதித்தது, நெஞ்சுக்குக் கீழே வரை தொங்குவது. மகன் அஜய்க்குப் பெண் பார்த்து, ஐப்பசியில் நிச்சயம் என்று பேசி முடித்திருந்தார்கள். வரப்போகிற மருமகள் கழுத்துக்கு அந்த ஆரம்தான் என்பதும் முடிவான பேச்சு. அதற்கு முன்னால் பேர் வைக்கிற அன்றைக்கு ஒருதரம் தான் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டுத்தான் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனாள்.

சௌம்யாவுக்குப் போன் போட்டாள்.

"ஏத்தா, அந்தச் சிவப்புப் பெட்டிய நீ உள்ள வச்சியா, இல்ல மறந்து அங்கனயே கெடக்கா?"

"நான்தானம்மா வச்சேன். நீயும் பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன். ஆனா இப்ப இல்லையே. அதுக்குப் பதிலா ஒரு வேலு கெடக்கு. தங்க வேலு. மாப்பிள்ள ஏதும் வச்சாரா?"

"என்னம்மா கேக்குற நீ? அவரு எடுத்தாருன்னு நெனக்கிறியா?"

"ஐயோ, எடுத்தாருன்னு எங்க சொன்னேன்? வச்சாரான்னுதான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்மா" என்று சௌம்யா அழ ஆரம்பித்துவிட்டாள். குழந்தையும் கூடச் சேர்ந்து அழுதது. என்ன தப்பாகக் கேட்டோம் என்று அன்னக்கொடிக்கு விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு, ஒவ்வொரு சேலையாக உதறிப் பார்த்தாள். இரண்டாம் தரமும் உதறினாள்.

"பெட்டியக் கைய விட்டு எறக்காதம்மா" என்று கிளம்பும்போது மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அவளும் இறக்கவில்லை. நடுவில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டியிருந்தது. இரண்டாவது விமானம் சின்னது, கூட்டம் நெருக்கியது. வாசலில் நின்ற சீருடைப் பெண் இவள் கைப்பெட்டியைக் காட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். சொல்லிக்கொண்டே கைப்பிடியில் ஒரு பட்டையையும் ஒட்டினாள். அன்னக்கொடி பிடியை விடவில்லை. "உள்ள நக இருக்கு கண்ணு, நக" என்று கழுத்தைத் தடவிக் காட்டினாள். அந்தப் பெண் பரிவோடு தலையாட்டிவிட்டு ஓடிப்போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். தொண்டை வறண்டுவிட்டது என்று நினைத்திருப்பாள் போல. கொடுத்ததை மறுக்க மனசு வராமல் அன்னக்கொடி வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்துத் திரும்பினால் பெட்டி இல்லை. விமானத்துக்குள் ஏறும் இடத்தில் தருவார்கள் என்று பார்த்தாள், தரவில்லை. மதுரையில் இறங்கி, மற்றப் பெட்டிகளோடு அதுவும் பெல்ட்டில் உருண்டு வந்தபோதுதான் போன உயிர் திரும்பியது. எண் பூட்டு பூட்டினபடி இருந்தது. திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

செல்லப்பாண்டி தோட்டத்திலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மதுரையிலருந்து இங்க வர்ற வரைக்கும் பெட்டி எங்க இருந்துச்சு?"

"வேலுமணி வண்டி டிக்கியில."

"எங்கயாச்சும் எறக்குனானா?"

வேலுமணி அன்னக்கொடியின் உடன்பிறந்த தம்பி. நாயுடுபுரத்தில் குடியிருந்து டாக்சி ஓட்டுகிறான். அன்றைக்குச் செல்லப்பாண்டி பூண்டு மூட்டைகளோடு வடுகபட்டி சந்தைக்குப் போயிருந்ததால், அவன்தான் தனியாக மதுரைக்கு வந்து அவளைக் கூட்டிவந்தான். மலை ஏறும்போது டம்டம் பாறைக்குப் பக்கத்தில் டயர் பஞ்சர். மாற்று டயரை எடுக்க டிக்கியிலிருந்த பெட்டிகளை எல்லாம் அவன் ரோட்டோரத்தில் இறக்கி வைத்தான். அவளுக்கோ வளைவுகளில் சுற்றியதில் தலை கிறுகிறுத்தது. பள்ளத்தின் பக்கம் திரும்பி, கைப்பிடிச் சுவரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"பஞ்சர் ஆச்சு. எறக்குனான்" என்றாள்.

"நீ பாத்துக்கிட்டு இருந்தியா?"

"இல்ல."

செல்லப்பாண்டி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"அவன் எடுத்திருந்தா வேல எதுக்குங்க உள்ள வைக்கணும்?" என்று கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்.

"அதான் எனக்கும் வெளங்கல. ஆனா பெட்டியத் தொட்டவன் அவன் ஒருத்தன்தான."

சாயங்காலம் ஹோட்டல் சோலி முடிந்து வந்த அஜய், அப்பா பேசியதைக் கேட்டு எரிச்சல்பட்டான். கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் இருப்பவன், நாலு ஊர் ஆட்களையும் அவர்கள் பெட்டிகளையும் பார்ப்பவன். "மாமா எதுக்குப்பா எடுக்கப் போறாரு? பிளைட்ல ஏத்துற எடத்துலதான் இது நடக்கும். பூட்டெல்லாம் ஒடைக்க வேண்டாம்" என்று ஒரு பேனா முனையைப் பெட்டியின் ஜிப்புக்குள் குத்தினான். பல்வரிசை பிரிந்து வாய் திறந்தது. பிறகு பூட்டோடு சேர்ந்த கொக்கியை ஒரு முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்தான். ஜிப் பழையபடி மூடிக்கொண்டது.

அன்னக்கொடி கொக்கியைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவு லேசாகத் திறக்கிற பெட்டி என்றால், யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். விமானத்திலும் திறந்திருக்கலாம், டம்டம் பாறையிலும் திறந்திருக்கலாம். மகன் காட்டிய வித்தை அவளுக்குத் தெளிவைத் தரவில்லை, இருந்த தெளிவையும் எடுத்துக்கொண்டு போனது.

அதற்குள் செல்லப்பாண்டி போனில் மச்சினனிடம் என்னவோ கேட்டுவிட்டார். என்ன கேட்டார் என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் வெள்ளனே வேலுமணியின் வண்டி வீட்டு முன்னால் வந்து நின்றது. அவன் ஸ்பானரை எடுத்து வண்டியின் பின்சீட்டைக் கழற்றித் தெருவில் போட்டான். கால்மிதியைச் சுருட்டி உதறினான். டிக்கியைத் திறந்து, டயரை உருட்டி வெளியே தள்ளினான். அக்கம்பக்கத்து ஆட்கள் தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தார்கள்.

"தேடுங்க மச்சான்" என்றான்.

செல்லப்பாண்டி அசையவில்லை. வேலுமணி திரும்பி அக்காவைப் பார்த்தான். 'என் தம்பி எடுக்க மாட்டான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அன்னக்கொடியின் நாக்கு வரைக்கும் அது வந்தது. அந்த நேரம் பார்த்து, கைப்பிடிச் சுவரும் கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரமும் நினைவுக்கு வந்து தொலைத்தன. சொல் வெளியே வரவில்லை. வேலுமணி எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு, வந்தது போலவே போய்விட்டான்.

அஜய் அவளைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனான். அங்கிருந்த ஏட்டய்யா பொறுமையானவர். உட்காரச் சொல்லி, முழுசாகக் கேட்டார்.

"எந்த எடத்துலம்மா காணாமப் போச்சு?"

"அது தெரியலங்கய்யா."

"சிங்கப்பூர்லயா, நடுவுல எறங்குன ஊர்லயா, மதுரையிலயா, மலைப்பாதையிலயா, ஒங்க வீட்லயா?"

"எல்லா எடத்துலயும் பெட்டி இருந்துச்சுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அன்னக்கொடி மஞ்சள் துணியைப் பிரித்து வேலை மேசையில் வைத்தாள். வேண்டாம் என்று அஜய் கண்ணைக் காட்டினான், ஆனால் அவளுக்கு எதையும் மறைத்துப் பேச வராது.

"இது யாருதும்மா?"

"அதுவும் தெரியலங்க. என் பெட்டிக்குள்ள இருந்துச்சு."

ஏட்டய்யா கொஞ்ச நேரம் வேலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒங்க நகையக் காணோம்னு வந்திருக்கீங்க. அடுத்தவங்க நகை ஒங்ககிட்ட இருக்குன்னும் சொல்றீங்க. நான் ஒங்கள என்னன்னும்மா எழுதுறது? பறிகொடுத்தவங்கன்னா, எடுத்தவங்கன்னா?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். கடைசியில், புகாரை வாங்கி வைத்துக்கொள்வதாகவும், விமானக் கம்பெனிக்கும் எழுதிப் போடும்படியும், வேலைப் பத்திரமாக வைத்திருக்கும்படியும் சொல்லி அனுப்பினார். கம்பெனியிலிருந்து அஜய்க்கு வந்த பதில் இரண்டே வரி. தங்கம் முதலான விலையுயர்ந்த பொருட்களைச் சரக்கோடு அனுப்பினால் தாங்கள் பொறுப்பில்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம். "நான் எங்கடா அனுப்புனேன்? அவங்கதான புடுங்கிக்கிட்டுப் போனாங்க" என்று அவள் மகனிடம் நியாயம் கேட்டாள்.

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி ஓடியது. முருகன் ஆரத்தை எடுத்துக்கொண்டு வேலைக் கொடுத்திருக்கிறான், இது பெரிய பாக்கியம் என்று பக்கத்து வீட்டு விசாலாட்சி வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். பாக்கியம் என்றால் ஏன் வயிறு இப்படி எரிகிறது என்று அன்னக்கொடி நினைத்தாள்.

செல்லப்பாண்டிக்கு அந்த வேல் வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை. "யாரோ பழனிக்கு நேந்து முடிஞ்ச வேலு. கொண்டுபோய் உண்டியல்ல போட்டுட்டு வந்துருவோம். முருகன் பொருளு முருகன்ட்ட போய்ச் சேரட்டும்."

"நேந்துக்கிட்டது நாம இல்லையேங்க" என்றாள் அன்னக்கொடி. எதுவுமே விளங்காத அந்த நாட்களில் இது ஒன்று மட்டும் அவளுக்கு நன்றாக விளங்கியது. "எவளோ ஒருத்தி என்னய மாதிரியே பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா. அவ கையால போட வேண்டியத நாம போட்டுட்டா, அவ வேண்டுதலு என்னாகும்? எலே அஜய், வேலப் பத்தியும் அந்தக் கம்பெனிக்கு எழுதுடா. யாருதுன்னு கேட்டுச் சொல்லச் சொல்லு."

அஜய் எழுதினான். பதில் வருமென்று அவனுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கம்பெனியில் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படித்து, அதே விமானத்தில் வந்தவர்களிடம் விசாரித்திருக்கிறார். ஒருநாள் மத்தியானம் அன்னக்கொடி களத்தில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"வில்பட்டிங்களா? நான் பழனியிலருந்து பேசுறேங்க. எம்பேரு தமயந்தி. ஒங்க பிளைட்லதான் நானும் வந்தேன். ஒரு வேலு விசயமா…"

அன்னக்கொடி நிதானமாகக் கேட்டாள். "அது எப்படிக் கட்டியிருந்துச்சு, சொல்லுங்க?"

"மஞ்சத் துணிங்க. கயித்துல மூணு முடிச்சு. பிரிச்சா உள்ள கொஞ்சம் திருநீறு ஒட்டியிருக்கும்."

"உங்களுதுதாங்க. வேலு பத்திரமா இருக்கு."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. ஓய்ந்ததும் தமயந்தி கேட்டாள். "ஏங்க, நீங்க ஏதும் சிவப்புல ஒரு நகைப்பெட்டி…?"

அன்னக்கொடி எழுந்து நின்றுவிட்டாள். மடியிலிருந்த பூண்டு சிதறியது. "ஆமாங்க! ஆமா! ஆரம் இருந்துச்சு!"

"பெட்டி எங்கிட்ட இருக்குங்க. என் பைக்குள்ள கெடந்துச்சு. ஆனா…" தமயந்தி தயங்கினாள். "வெறும் பெட்டிங்க. உள்ள ஒண்ணுமில்ல."

அன்னக்கொடி திரும்பவும் உட்கார்ந்தாள். ஆரம் போனது போனதுதான் என்று அப்போது உறைத்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் உறைத்தது. இவள் பெட்டியையும் அந்தப் பழனிக்காரி பையையும் ஒரே கைதான் திறந்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கிடந்தது விமானத்தின் வயிற்றில்தான். டம்டம் பாறையில் அல்ல.

அன்றைக்கே நாயுடுபுரத்துக்குப் பஸ் ஏறினாள். தம்பி பெண்டாட்டி முருகேஸ்வரி கதவருகே நின்றபடியே கேட்டாள். "என்ன மதினி, வீட்டையும் கழட்டிப் பாக்கணுமா?"

"இல்லத்தா. அவனப் பாக்க வந்தேன்."

வேலுமணி உள்ளேயிருந்து வந்தான். அவள் போனில் கேட்டதை எல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். அவன் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

"மச்சான் கேட்டது எனக்குப் பெருசா படலக்கா. நீயும் என்னயச் சந்தேகப்பட்டியா, அத மட்டும் சொல்லு."

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவனும் நம்பிவிடுவான்.

"தெரியலடா" என்றாள். "அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. மகளக் கேட்டேன், மருமகனக் கேட்டேன். கடைசியில நானே எங்கயும் போட்டுட்டு வந்துட்டேனோன்னு என்னயவும் சந்தேகப்பட்டேன். ஒன்னய மட்டும் எப்படி விட்டேன்னு சொல்லுவேன்?"

வேலுமணி தரையைப் பார்த்தபடி நின்றான். முருகேஸ்வரிதான் முதலில் அசைந்தாள். "உக்காருங்க மதினி. காப்பி போடுறேன்."

அடுத்த முருகன் கிருத்திகைக்கு அவன் வண்டியிலேயே பழனிக்கு இறங்கினார்கள். செல்லப்பாண்டி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். பெருமாள்மலையிலிருந்து அடிவாரம் வரைக்கும் அத்தனை வளைவிலும் அந்த இரண்டு ஆண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பின்சீட்டில் மஞ்சள் பொட்டணத்தை மடியில் வைத்துக்கொண்டு, அன்னக்கொடி இருவர் பிடரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தமயந்தியின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து கோயில் வீதியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். கடை வாசலிலேயே தமயந்தி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்கதானா! பெட்டியக் குடுக்க மாட்டேன்னு மல்லுக்கட்டுனீங்களே. நான் பின்னாலதான் நின்னேன். நமக்கேன் வம்புன்னு எம் பையப் பேசாமக் குடுத்துட்டேன்."

பேத்தி நெஞ்சு அறுவையில் பிழைத்ததற்காக நேர்ந்துகொண்ட வேல் அது. சிங்கப்பூரில் இருக்கும் அவள் மகன் செய்து கொடுத்தான். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தபோது அது இல்லை. "தங்கத்துல எதுக்கு, வெள்ளியில போதாதான்னு மருமக அங்கன வச்சு ஒரு வார்த்த சொன்னா. பைக்குள்ள வெறும் பெட்டியப் போட்டுட்டு அவதான் எடுத்து வச்சுக்கிட்டான்னு முடிவே பண்ணிட்டேன். அன்னையிலருந்து அந்தப் புள்ளகிட்டப் பேசல" என்று தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அன்னக்கொடி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆரத்தை எடுத்தவன் வேலை ஏன் விட்டான் என்று கடையில் பெரிய விவாதம் நடந்தது. "வேலப் பாத்ததும் கை நடுங்கியிருக்கும். பயந்து கண்ட பெட்டியில போட்டுட்டு ஓடியிருப்பான்" என்றார் நாச்சிமுத்து.

"இல்லங்க, உள்ள இருட்டு. என்னன்னே தெரிஞ்சிருக்காது. ஆள் வர்ற சத்தம் கேட்டு, கைக்கு வந்தத வந்த எடத்துல திணிச்சிருப்பான்" என்றான் வேலுமணி.

"பயந்தவன் ஆரத்தையும்ல வச்சிட்டுப் போயிருக்கணும்?" என்றார் செல்லப்பாண்டி.

யாருக்கும் பதில் தெரியவில்லை. பின்னாளிலும் தெரியவரவில்லை. ஆரம் கிடைக்கவும் இல்லை. எந்த ஊரில், எந்த நேரத்தில், யார் கை அதைத் தொட்டது என்று அன்னக்கொடி யோசிக்காத நாள் இல்லை. ஒவ்வொரு தரமும் யோசனை ஒவ்வொரு பக்கம் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டு, உண்டியல் முன்னால் நின்றபோது தமயந்தி, "நீங்களும் கை வைங்க" என்றாள். இரண்டு பெண்களும் சேர்ந்து வேலை உள்ளே விட்டார்கள். காசுகளின்மேல் அது விழுந்த சத்தம் லேசாகக் கேட்டது.

"ஒங்களுக்குக் கோவமே வரலையாங்க?" என்று தமயந்தி கேட்டாள். "எம்பொருளு கெடச்சிருச்சு. ஒங்களுது போயிருச்சே."

"வருது. வராமலா?" என்றாள் அன்னக்கொடி. "யார் மேல படுறதுன்னுதாங்க தெரியல."

கீழே இறங்கிச் சாப்பிட்டு, வண்டி ஏறும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மலைப்பாதையில் நாலைந்து வளைவு ஏறிய பிறகு, செல்லப்பாண்டி கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி ஆரம்பித்தார்.

"ஐப்பசியில அஜய்க்கு நிச்சயம்."

வேலுமணி ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். "தெரியும்."

"தாய்மாமன் இல்லாமத் தட்டு மாத்த முடியாது."

"ஆரமில்லாம மாத்தலாமோ?"

"பொண்ணு வீட்ல பேசிட்டேன். இருக்கறதப் போடுங்கன்னுட்டாங்க." செல்லப்பாண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஏலே, மாப்ள. நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுட்டேன்."

வேலுமணி எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டான். அது கடந்து போனதும், "வெரசா நாளச் சொல்லுங்க மச்சான். சீசன் நேரம், வண்டிக்கு வேற யாரும் கேட்டுரப் போறாங்க" என்றான்.

பெருமாள்மலைக்கு வருமுன்பே மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியை ஏற்றினார்கள். அன்னக்கொடி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். செல்லப்பாண்டி தூங்கிப்போயிருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை சரிந்து போய் மச்சினன் தோளில் இடித்தது. வேலுமணி அதைத் தள்ளிவிடவில்லை. வண்டியை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஓட்டினான்.